கொழுந்து பறிக்கிற கண்ணும் கற்றுக்கொள்கிற கணினியும்

அம்மா முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சின்ன வயதில் லீவு நாட்களில் அவர் பின்னாலேயே நானும் மலைக்குப் போவேன். தேயிலைக் காட்டை எங்கள் பக்கம், இலங்கை மலையகத்தில், மலை என்றுதான் சொல்வோம். ஐந்தாம் நம்பர் மலை, கோயில் மலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நிரை பிடித்து ஏறும்போது அவருடைய இரண்டு கையும் ஒரு செடியில் ஓடிக்கொண்டிருக்கும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். ஒரு நாள் கேட்டேன்: "இதைக் கிள்ளுனீங்க, பக்கத்துல இருந்ததை விட்டுட்டீங்களே, ஏன்?"

"பார்த்தா தெரியுதில்ல?"

எனக்குத் தெரியவில்லை. நச்சரித்த பிறகு, "ரெண்டு இலையும் ஒரு மொட்டும், அவ்வளவுதான்" என்றார். கணக்கப்பிள்ளை சொல்வதும் அதுதான், பாடப்புத்தகத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் நாலு செடி தள்ளி, ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக நின்ற ஒன்றைத் தொடாமலே போனார். "அது இன்னும் எளசு, அடுத்த ரவுண்டுக்கு ஆகும்" என்றார். இன்னொரு இடத்தில் மூன்று இலையோடு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

வாயால் சொன்ன விதி ஒன்று, கை செய்த வேலை வேறு. அவர் பொய் சொல்லவில்லை. லட்சக்கணக்கான கொழுந்தைப் பார்த்து, ஆரம்பத்தில் தப்பாகப் பறித்து, தராசடியில் திட்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திய கண் அது. அந்தக் கண்ணுக்குத் தெரிவதை விதியாக எழுதித் தா என்றால் அவரால் முடியாது. யாராலும் முடியாது.

இப்போது நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். "சேர், கணினியே மருந்து கண்டுபிடிக்குதாமே, இனி விஞ்ஞானி எதுக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பதில் சொல்ல நான் தொடங்கிய இடம் அம்மாவின் கூடைதான். இங்கேயும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விதி எழுதுவதும் காட்டிக் கொடுப்பதும்

சாதாரணமாகக் கணினிக்கு நாம் விதி எழுதிக் கொடுக்கிறோம். கொழுந்து இத்தனை கிலோ, கிலோவுக்கு இவ்வளவு, பெருக்கிக் கூட்டு என்றால் அது சம்பளக் கணக்கைப் போட்டுத் தரும். விதி நமக்குத் தெரியும், உழைப்பு மட்டும் அதனுடையது.

விதி நமக்கே தெரியாத வேலைகளுக்கு வேறு வழி வேண்டும். அந்த வழிக்குப் பெயர்தான் இயந்திரக் கற்றல், அதாவது மெஷின் லேர்னிங். விதிக்குப் பதிலாக உதாரணங்களைக் கொடுக்கிறோம், ஒவ்வொரு உதாரணத்தோடும் சரியான விடையையும் ஒட்டிக் கொடுக்கிறோம். கணினி ஊகிக்கிறது, விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, பிழைத்த அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மறுபடியும் ஊகிக்கிறது.

"தன்னைத் திருத்திக்கொள்கிறது" என்பது மந்திரம் மாதிரிக் கேட்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் மந்திரம் கலைந்துவிடும். தேயிலையில் கொப்புள நோய் வருமா வராதா என்று ஊகிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இலை ஈரமாக இருந்தால் நோய் வர வாய்ப்பு அதிகம், வெயில் அடித்தால் குறைவு. அப்படியானால் இலை ஈரமாக இருந்த மணித்தியாலத்தை ஓர் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து வெயில் மணித்தியாலத்தை இன்னோர் எண்ணால் பெருக்கிக் கழிப்போம். மிச்சம் பூச்சியத்துக்கு மேலே வந்தால் நோய் வரும், இல்லையென்றால் வராது. பெருக்கும் எண்கள் எவ்வளவு என்று தெரியாததால் இரண்டையும் 1 என்று வைத்துத் தொடங்குவோம்.

முதல் உதாரணத்தில் ஈரம் 6 மணித்தியாலம், வெயில் 4 மணித்தியாலம். 6 கழித்தல் 4 என்றால் 2. பூச்சியத்துக்கு மேல், ஆகவே "நோய் வரும்" என்கிறது கணினி. மலையில் போய்ப் பார்த்தால் நோய் வரவில்லை. சரி, ஊகம் தப்பு. ஈரத்துக்குக் கொடுத்த மதிப்பை 0.9 ஆகக் குறைத்து, வெயிலுக்குக் கொடுத்ததை 1.1 ஆகக் கூட்டுவோம். இப்போது 5.4 கழித்தல் 4.4, விடை 1. இன்னும் பிழைதான், ஆனால் முன்னதைவிடக் குறைந்த பிழை. இப்படி அடுத்த உதாரணம், அதற்கு அடுத்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு நகர்த்துகிறோம். (இந்த எண்களெல்லாம் விளங்குவதற்காக நான் போட்டவை. யாரும் மருந்தடிக்கப் பயன்படுத்திவிட வேண்டாம்.)

பழைய வால்வு ரேடியோவில் தாத்தா நிலையம் பிடித்தது நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. குமிழை ஒரு பக்கம் திருப்புவார், இரைச்சல் கூடினால் மறுபக்கம் திருப்புவார், குறைந்தால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம். நான் காட்டிய கணக்கில் குமிழ் இரண்டு. இப்படிக் கற்ற கணக்கை மாதிரி, அதாவது மொடல், என்பார்கள். இன்றைய பெரிய மாதிரிகளில் கோடிக்கணக்கான குமிழ்கள் உண்டு, அத்தனையையும் கணினியே திருப்புகிறது. வேறு வித்தியாசங்களும் இருக்கின்றன என்றாலும் அடிப்படை இதுதான்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. உயர்தரப் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பரைப் புரட்டிப் புரட்டி விடையை மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். அதே பேப்பரைக் கொடுத்தால் நூற்றுக்கு நூறு. உண்மையிலேயே பாடம் விளங்கியதா என்று பார்க்க, அவர்கள் கண்ணில் படாமல் ஒரு வருஷத்துப் பேப்பரை நான் ஒளித்து வைப்பேன். கணினிக்கும் அப்படித்தான். கற்கக் கொடுக்காமல் கொஞ்சம் உதாரணங்களை ஒளித்து வைத்து, கடைசியில் அவற்றை வைத்துத்தான் பரீட்சை நடத்த வேண்டும். இந்த ஒளித்து வைக்கிற இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புரதத்தின் முடிச்சு

அறிவியலில் இது எங்கே உதவுகிறது? தேட வேண்டிய இடம் மலையளவு, சோதித்துப் பார்க்கக் கிடைக்கிற நேரமும் பணமும் கையளவு என்று இருக்கிற இடங்களில். இதற்குப் புரதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் உடம்பில் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. இருபது வகை மணிகளை வைத்துக் கோத்த மாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாலை நீட்டிக்கொண்டு கிடக்காது, தானாகவே சுருண்டு மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வடிவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. வடிவம் தெரிந்தால், ஒரு மருந்து எந்தப் பள்ளத்தில் போய் உட்காரும் என்று யோசிக்கலாம்.

மணிகளின் வரிசைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் வரிசையைப் பார்த்தே வடிவத்தைச் சொல்லிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு சிறிய புரதம்கூட மடியக்கூடிய விதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால், பிரபஞ்சத்தின் வயசும் போதாது என்று 1969இலேயே சைரஸ் லெவிந்தால் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

ஆகவே வடிவத்தை ஆய்வுகூடத்தில்தான் கண்டறிந்தார்கள். புரதத்தைப் பளிங்காக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, சிதறிய புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். மாக்ஸ் பெருட்ஸ் என்பவர் 1937இல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார். இரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற அதே ஹீமோகுளோபின்தான். அதன் வடிவம் அவர் கைக்கு வந்தபோது 1959. இருபத்திரண்டு வருஷம், ஒரு புரதத்துக்கு! முறைகள் தேறத் தேற வேகம் கூடியது. 1971இல் இந்த வடிவங்களைச் சேர்த்து வைக்க ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கினார்கள். அப்போது அதில் இருந்தவை 7 வடிவங்கள். 2020 வாக்கில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் போல ஆகியிருந்தது.

அந்த வருஷம்தான் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வந்தது. வடிவத்தை ஊகிக்கும் போட்டி ஒன்று 1994 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. ஆய்வுகூடத்தில் கண்டறிந்து, இன்னும் வெளியே விடாமல் வைத்திருக்கிற வடிவங்களைத்தான் அதில் கேட்பார்கள். ஒளித்து வைத்த பேப்பர்! அந்தப் போட்டியில் ஆல்ஃபாஃபோல்டின் ஊகங்கள் பல, ஆய்வுகூட அளவீட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. 2022இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு ஊகித்த வடிவங்களை இலவசமாக வெளியிட்டார்கள். 2024இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும் இரசாயனவியல் நோபலில் பாதி. மறுபாதி, புதுப் புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

அது பயன்படுத்திய தடயங்களில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரே புரதம் மனிதனிலும் மீனிலும் பக்டீரியாவிலும் சின்னச் சின்ன மாற்றங்களோடு இருக்கும். இப்படிப் பல உயிர்களின் மாலைகளை அடுக்கிப் பார்த்தால், சில இரண்டு மணிகள் எப்போதும் சேர்ந்தே மாறுவது தெரியும். ஒன்று மாறினால் மற்றதும் மாறுகிறது என்றால், மடிந்த பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எட்டாம் காம்பிராவில் பலகாரம் சுடுகிற அன்றெல்லாம் முதலாம் காம்பிராவிலும் எண்ணெய் வாசம் வந்தால், கேட்காமலே சொல்லிவிடலாம், இரண்டு வீடும் சொந்தம் என்று. கிட்டத்தட்ட அப்படி.

ஆல்ஃபாஃபோல்ட் என்றதும் எல்லாரும் கணினியைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்த ஒரு லட்சத்து எழுபதாயிரம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் எங்கோ யாரோ ஒருவர் பளிங்கு உருவாகுமா உருவாகாதா என்று மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த விடை. ஐம்பது வருஷம் அப்படிச் சேர்ந்த விடைகள் இல்லாவிட்டால் கணினி எதைப் பார்த்துக் கற்றிருக்கும்?

மருந்துக்குத் தேடியது

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் கொலின்ஸ், ரெஜினா பார்சிலே குழுவினர் செய்த வேலை அளவில் சின்னது. ஆனால் செய்முறை தெளிவாகத் தெரிவதால் வகுப்பில் நான் எடுத்துக்காட்டுவது அதைத்தான்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பக்டீரியாக்கள் மசியாமல் போவது உலகம் முழுவதும் உள்ள தலைவலி. புது மருந்து தேட வேண்டும். மூலக்கூறுகளோ கணக்கில்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கித் தட்டில் ஊற்றிப் பார்க்க எந்த ஆய்வுகூடத்தாலும் முடியாது.

அவர்கள் முதலில் 2,335 மூலக்கூறுகளை எடுத்து, ஈ.கோலி பக்டீரியா வளர்கிற தட்டில் ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். வளர்ச்சியைத் தடுத்தது, தடுக்கவில்லை என்று குறித்தார்கள். உதாரணமும் விடையும் கிடைத்துவிட்டது. கணினிக்கு ஒரு மூலக்கூறை எப்படிக் காட்டுவது? எந்த அணு எந்த அணுவோடு கை கோத்திருக்கிறது என்ற வரைபடமாகக் காட்டினார்கள். எந்த மாதிரிக் கோப்பு பக்டீரியாவைத் தடுக்கிறது என்று அது கற்றுக்கொண்டது. பிறகு, வேறு நோய்களுக்காக ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்த ஆறாயிரம் போல மூலக்கூறுகளைக் காட்டி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மேலே வந்தவற்றில், தெரிந்த மருந்துகளைப் போல இல்லாத ஒன்று இருந்தது. நீரிழிவுக்காக ஒரு காலத்தில் பரிசோதித்துக் கைவிட்டது அது. தட்டில் ஊற்றிப் பார்த்தார்கள், வேலை செய்தது. எலியிலும் வேலை செய்தது. ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் இன்னும் பெரிய களஞ்சியத்துக்குப் போனார்கள். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினி சில நாட்களில் பார்த்து முடித்தது. அதிலிருந்து 23ஐ மட்டும் எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். 8 வேலை செய்தன.

இந்தக் கடைசி வரியை மெதுவாகப் படிக்க வேண்டும். கணினி நம்பிக்கையோடு எடுத்துக் கொடுத்த 23இல் 15 தேறவில்லை. ஆனாலும் அது பெரிய வெற்றி. ஏனென்றால் பத்துக் கோடிக்குப் பதிலாக 23ஐச் சோதித்தால் போதும் என்று ஆகிவிட்டது. கணினி செய்தது எங்கே தோண்டலாம் என்று சுட்டிக் காட்டியதுதான். மாணிக்கம் தோண்டுகிற இரத்தினபுரி ஆட்கள் மண்ணைப் பார்த்து இடம் சொல்வார்களாம். இடம் சொன்னாலும் குழியில் இறங்கித் தோண்டி, மண்ணை அரித்துப் பார்த்தால்தான் கல். ஹாலிசினும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. மனிதரில் சோதித்து முடிக்கிற பகுதியை எந்தக் கணினியாலும் நாலு நாளில் முடிக்க முடியாது.

மற்ற துறைகளிலும் கதை இதுதான், ஆகவே நீட்டவில்லை. நட்சத்திர வெளிச்சத்தில் வருகிற மிக மெல்லிய மங்கலை வைத்துக் கோள் தேடுகிறார்கள். கெப்ளர்-90 என்ற நட்சத்திரத்தின் எட்டாவது கோளை 2017இல் அப்படித்தான் கண்டார்கள். புதுப் பளிங்குகளைத் தேடினார்கள், அங்கே கொஞ்சம் சண்டையும் வந்தது. 2023இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு தானியங்கி ஆய்வுகூடம் 17 நாளில் 41 புதுப் பொருள்களைச் செய்ததாக அறிவித்தது. வேறு விஞ்ஞானிகள் அந்த முடிவுகளை எடுத்துப் பார்த்து, இவை புதியவை என்று சொல்ல முடியாது என்றார்கள். வேகமாகச் செய்கிற இடத்தில் மெதுவாகச் சரிபார்க்கிற ஆளும் இருக்க வேண்டும்.

பனிமூட்டத்தைக் கற்ற கணினி

இனி எங்கள் கதை. மூன்று பிள்ளைகள் ஒரு செயற்றிட்டம் செய்ய ஆசைப்பட்டார்கள். இலையைப் படம் எடுத்தால் கொப்புள நோய் இருக்கிறதா என்று சொல்கிற மென்பொருள். ஃபோனும் இலவச மென்பொருளும் போதும், நானும் சரி என்றேன். ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான படங்களோடு வந்தார்கள். கணினியைப் பழக்கினார்கள், கொஞ்சத்தை ஒளித்து வைத்துப் பரீட்சையும் வைத்தார்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி. துள்ளிக் குதித்தார்கள், நானும் கொஞ்சம் குதித்தேன்.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் நின்றபடி, கையில் இருந்த நல்ல இலை ஒன்றைப் படம் எடுத்தேன். வெளியே வழக்கம் போலப் பனி மூடிக் கிடந்தது. "நோய்" என்றது. இலையே இல்லாமல் மூடுபனியை மட்டும் எடுத்தேன். "நோய்." மழைக் கோட்டைக் காட்டினேன், அதற்கும் நோய்.

விஷயம் இதுதான். நோயுள்ள இலைகளைத் தேடிப் பிள்ளைகள் விடியற்காலையில் மலைக்குப் போயிருக்கிறார்கள். பின்னணி முழுக்கப் பனி, சாம்பல் வெளிச்சம். நல்ல இலைகளைப் பின்னேரம் வீட்டு இஸ்தோப்பில் வெள்ளைத் தாளில் வைத்து எடுத்திருக்கிறார்கள். கணினி இலையைப் பார்க்கவேயில்லை, பின்னணியைப் பார்த்தது. ஒளித்து வைத்த படங்களிலும் அதே பின்னணி இருந்ததால் பரீட்சையில் அகப்படவில்லை. ஒளித்து வைத்த பேப்பரும் அதே டியூசன் மாஸ்டர் அடித்ததென்றால் என்ன பிரயோசனம்?

பிள்ளைகள் முகம் சுருங்கிவிட்டது. பெரிய ஆட்களுக்கும் நடந்ததுதான் என்று எடுத்துக் காட்டினேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். ஒளித்து வைத்த படங்களில் 99.35 வீதம் சரி. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31.4 வீதம்தான். ஆய்வாளர்களே அதை ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். 99 என்று மட்டும் கேட்டுவிட்டு உலகம் போய்விட்டது, 31ஐ யாரும் சொல்வதில்லை.

வானிலை மாதிரிகளிலும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு சங்கதி உண்டு. 1979 முதலான உலக வானிலைப் பதிவுகளைப் பார்த்துக் கற்ற மாதிரிகள் இப்போது பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் ஊகிக்கின்றன. டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் அப்படியானது, நன்றாகவும் சொல்கிறது. ஆனால் அது உலகத்தைப் பார்ப்பது ஏறக்குறைய 28 கிலோமீட்டர் கட்டங்களாக. நுவரெலியாவிலிருந்து பண்டாரவளைக்கு நேர்கோட்டில் அவ்வளவுதான் தூரம். தென்மேற்குப் பருவத்தில் அற்றன் பக்கம் குடையை மடக்க முடியாமல் பெய்துகொண்டிருக்கும், ஊவாப் பக்கம் காய்ந்த காற்றடித்து மண் புழுதி பறக்கும். இடையில் இருப்பது ஒரு மலைமுகடு. அந்த முகட்டைக் கட்டம் எப்படிக் காட்டும்?

மண்சரிவைப் பற்றியும் கேட்பார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டோம். மழையளவையும் சரிவையும் மண்ணையும் வைத்து ஆபத்தான இடங்களை வரைபடமாக்க இயந்திரக் கற்றல் உதவும். ஆனால் கொழுந்து விஷயத்தில் ஊகம் தப்பினால் ஒரு கூடை போகும், இங்கே ஒரு லயம் போகும். அதனால் இதில் நான் பழமைவாதி. மழைமானியும், சுவரில் விழுகிற வெடிப்பைப் பார்க்கிற ஆளும் முதலில் இருக்கட்டும். கணினி பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும்.

மழைக் கொப்பி

நோய் ஒன்றைப் புரிந்துகொள்வது எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கு வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் மடுல்சீமையில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, இரண்டு வருஷம் நுணுக்குக்காட்டியோடு உட்கார்ந்து அந்த நோயைக் கொண்டுவந்த பங்கசின், அதாவது பூஞ்சையின், வாழ்க்கையை விளக்கினார். அது விளங்கியபோது கோப்பி கை மீறிப் போய்க்கொண்டிருந்தது. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலைதான் பிறகு மலை முழுவதும் ஏறியது.

தேயிலைக்கும் தனிச் சனி காத்திருந்தது. 1946இல் கொப்புள நோய் இங்கே வந்து சேர்ந்தது. இதுவும் பங்கசுதான். இளம் இலையை மட்டும் பிடிக்கும், அதாவது நாங்கள் பறிக்கிற அதே இலையை. ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் 1960களில் வெயில் நேரத்தையும் காற்றில் உள்ள வித்திகளையும் கணக்கிட்டு, நோய் எப்போது கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முயன்றார்கள். நான் மேலே போட்டுக் காட்டிய கணக்கின் தாத்தா அது. குமிழைக் கையால் திருப்பியவர்கள் அவர்கள். இன்று அதே கணக்கில் இரண்டு காரணிக்குப் பதில் இருபதைப் போடலாம். மலையின் உயரம், சரிவு எந்தத் திசை பார்க்கிறது, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், எந்த இனச் செடி என்று எல்லாவற்றையும் சேர்க்கலாம்.

போடுவதற்கு விடைகள் வேண்டுமே. தோட்டத்து ஆபீசுகளில் மழை அளந்து கொப்பியில் எழுதுகிற வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள், எவ்வளவு கொழுந்து வந்தது என்பதும் பதிவில் இருக்கும். ஒரு தோட்டத்தில் அந்தப் பழைய கொப்பிகளைப் பார்க்கக் கேட்டபோது, இடம் போதாதென்று எரித்துவிட்டோம் என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. புதுக் கணினி வாங்கக் காசு தேடுகிறோம், அது படிக்க வேண்டிய புத்தகத்தை அடுப்பில் வைக்கிறோம்.

பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்கு இரண்டாவது சுற்று தொடங்கினோம். இந்தத் தடவை நோயுள்ள இலையையும் நல்ல இலையையும் ஒரே நாளில், ஒரே செடியருகில், பனியிலும் வெயிலிலும் மாறி மாறி எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் சரியான விடை ஒட்டுவதற்கு ஆள் வேண்டும். அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு படமாகத் தள்ள, "நோய், நல்லது, நல்லது, நோய்" என்று பறிக்கிற வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "இது நோயில்ல, வெயில் சுட்டது" என்றார். பிள்ளைகள் அதை நோய்ப் பட்டியலில் போட்டிருந்தார்கள். இன்னும் பத்துப் படம் போனது. பிறகு மௌனமானார். ஒரு படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார், அதற்கு முந்தினதையும் காட்டச் சொன்னார். இரண்டிலும் இலையின் மேல் பக்கத்தில் எண்ணெய் பட்டது போல ஒரு சின்னப் பொட்டு.

"இது ரெண்டுக்கும் என்னால சொல்ல முடியாது" என்றார்.

"ஏன் பாட்டி, படம் தெளிவு இல்லியா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. கொப்புளம்னா வெள்ளையா பொங்கி நிக்கிறது அடியில. நீங்க எல்லாத்தையும் மேல இருந்தே எடுத்திருக்கீங்க. இலையைத் திருப்பிப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எடுத்த அத்தனை படமும் மேல் பக்கம்தான். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மூன்று பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள், அம்மாவையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு.